பெர்ஸா மடியில் ஒரு சோளக்கதிர்

புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு சோம்போர் ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் மாடியிலேயே தீப்பிடித்தாலும், அங்கே உட்கார்ந்திருக்கும் பதினான்கு பேரில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். அது ஒளிப்பட மன்றம் கூடும் நேரம். யாராவது ஒருவர் புதிதாகப் பிடித்த லென்ஸைக் கைக்குட்டையிலிருந்து பிரித்து மேசைமேல் வைத்திருப்பார். மற்றவர்கள் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள், வளையத்தைத் திருகிப் பார்ப்பார்கள், கூச்சப்படாமல் முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். உள்ளே பூஞ்சை பிடித்திருந்தால் மூக்கே காட்டிக் கொடுத்துவிடுமாம்.

படம் பார்ப்பதும் உண்டு, இல்லையென்று சொல்லிவிட முடியாது. ஒரு படத்தை அரை நிமிடம் பார்ப்பார்கள். அதை எந்த லென்ஸில் எடுத்தது என்று ராக்கியாச் சாராயப் புட்டி காலியாகும்வரை பேசுவார்கள். மருந்துக்கடை ஒஸ்தோயாவிடம் இருபத்தாறு லென்ஸ்கள் இருக்கின்றன. அவர் எடுத்த படம் என்று ஊரில் யாருக்கும் ஒன்றுகூட நினைவில்லை. சைக்கிள் பழுதுபார்க்கும் இம்ரே புது லென்ஸ் வாங்கியதும் எதிர்வீட்டுச் செங்கல் சுவரைப் படம் எடுப்பார். மூலையில் இருக்கும் செங்கல் தெளிவாக விழுந்திருந்தால் அன்றைக்கு அவர் வீட்டில் விருந்து. சுவருக்குச் சொந்தக்காரர் ஒருமுறை பயந்துபோய் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார்.

இந்தப் பதினான்கு பேரில் ஒரே பெண் தெசாங்கா. நாற்பத்தேழு வயது. பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில் உட்கார்ந்து செயற்கைப் பல் செய்வது அவள் தொழில். அவளை மன்றத்துக்கு அழைத்துவந்தவர் அதன் தலைவர் ரதோமிர். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கெல்லாம் மேலே, அவர் தெசாங்காவுக்குக் கூம், அவள் கல்யாணத்தில் பாதிரியார் முன்னால் சாட்சியாகப் பக்கத்தில் நின்றவர். அவள் அவருக்குக் கூமா; அவர் 'கூமோ' என்று கூப்பிடுவார், அவள் 'கூமே' என்பாள். எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவனிடம் பொய் சொன்னால் சண்டை வரும், பிறகு சமாதானமும் வரும். கூமிடம் பொய் சொன்னால் அத்தோடு முடிந்தது, செத்தாலும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஒவ்வொரு மே மாதமும் மன்றத்தின் கண்காட்சி நடக்கும். நோவி சாத் நகரத்திலிருந்து வரும் நடுவர்கள் படங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். எட்டு வருஷமாகத் தெசாங்கா கொடுத்த படங்கள் கொடுத்த உறையிலேயே திரும்பி வந்தன. ஒன்பதாவது வருஷம், அதாவது இந்த வருஷம், அவள் படத்தைக் கொண்டுபோய்க் கூடத்தின் நட்டநடுச் சுவரில் மாட்டினார்கள். பதக்கமும் கொடுத்தார்கள். அஞ்சலட்டையாக அச்சடித்துக் கண்காட்சி வாசலில் அடுக்கி வைத்தார்கள்.

படத்தில் இருந்தவள் பெர்ஸா. சந்தையில் பாலாடைக்கட்டி விற்பவள், அறுபத்துமூன்று வயது, முகத்தைப் பார்த்தாலே விலை குறைத்துக் கேட்கத் தோன்றாது. அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்தப் பெர்ஸா கவிழ்த்துப் போட்ட காய்கறிப் பெட்டிமேல் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் இருந்த பொஜோஷ் மரத்தின் இலைகளெல்லாம் அவள் தலையைச் சுற்றிக் கிறுகிறுவென்று சுழன்றன. மரமே குடித்துவிட்டு ஆடியதுபோல இருந்தது. அவள் மடியில் ஒரு மக்காச்சோளக் கதிர் கிடந்தது. ஒரு மணிகூட அதில் இல்லை.

கண்காட்சி தொடங்கிய அன்று கூட்டம் அந்தப் படத்தின் முன்னால்தான் மொய்த்தது. தெசாங்கா புதுக் காலணி கடிக்கக் கடிக்கப் பக்கத்தில் நின்றாள்.

"எந்த லென்ஸும்மா இது?" என்றார் ஒஸ்தோயா.

"பழைய ரஷ்ய லென்ஸ்தான். அம்பத்தெட்டு மில்லிமீட்டர். உங்ககிட்டயும் இருக்கே."

"என்கிட்ட மூணு இருக்கு. ஒண்ணுலயும் மரம் இப்படிச் சுத்தல. கொஞ்சம் மினுக்குது, அதோட சரி. நம்பர் என்ன?"

அவளுக்கு நம்பர் தெரியாது. எடுத்துக் கொடுத்தாள். ஒஸ்தோயா மருந்துக் குப்பியின் பொடி எழுத்தைப் படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். எழுபத்தொன்பதில் தொடங்கியது, அதாவது அந்த வருஷம் செய்தது. அது போதும். எழுபத்தொன்பதாம் வருஷம் அந்தத் தொழிற்சாலையில் விண்வெளிக்கு அனுப்ப வைத்திருந்த கண்ணாடியில் மிச்சம் கிடந்ததாம், அதில் கொஞ்சம் லென்ஸ் செய்தார்களாம் என்று அவரே அன்று சாயங்காலத்துக்குள் ஒரு கதையைக் கட்டிவிட்டார். மறுவாரத்திலிருந்து மன்றமே சந்தை சந்தையாக அலைந்தது. கிழட்டுக் கேமரா விற்கும் ஒருத்தனையும் விடவில்லை. இம்ரே செங்கல் சுவரைக்கூடக் கொஞ்ச நாள் மறந்தார்.

தெசாங்காவின் மனதில் கிடந்தது வேறு. அந்தக் கல்மூஞ்சிப் பெர்ஸா எப்படிச் சிரித்தாள் என்று யாராவது ஒருவர் கேட்கட்டும், குறைந்தபட்சம் மடியில் கிடக்கும் சோளக்கதிர் என்ன என்றாவது கேட்கட்டும் என்று அவள் மே மாதத்திலிருந்து காத்துக்கொண்டிருந்தாள். கேட்டால், இவள் ஒரு படம் எடுத்தாள் என்று அர்த்தம். கேட்காவிட்டால், ஒரு லென்ஸ் படம் எடுத்தது, இவள் அதைத் தூக்கிக்கொண்டு போனாள் என்று அர்த்தம். ஒருவரும் கேட்கவில்லை. அவளும் மென்று விழுங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்த பிறகு அந்த லென்ஸை மேசையில் போட்டுப் பிரித்தாள். உள்ளே ஒரு தூசி கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. போன வருஷம் வாங்கியபோதே ஒருமுறை பிரித்துப் பூஞ்சையைத் துடைத்திருக்கிறாள்; பல்லுக்கு மெழுகு செதுக்கும் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. உதிரி பாகத்துக்கு ஆகும் என்று அதே ரகத்தில் இன்னொரு உடைசல் லென்ஸையும் வாங்கிப் போட்டிருந்தாள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

மேலே ஒரு முனை கறுத்துப்போன குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உடைசல் லென்ஸின் முகப்புக் கண்ணாடியில் அந்த விளக்கு சின்னதாக, நேராகத் தெரிந்தது. பதக்கம் வாங்கிய லென்ஸில் தலைகீழாகத் தெரிந்தது. தெசாங்கா தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். பிறகு விரல் நுனியால் மெல்லத் தொட்டாள். ஒன்று மேடாக இருந்தது. மற்றொன்று குழிந்திருந்தது.

விண்வெளியாவது ஒன்றாவது. போன வருஷம் துடைத்துவிட்டுத் திருப்பிப் பூட்டும்போது முகப்புக் கண்ணாடியைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறாள். அதனால்தான் நடுவில் இருப்பது மட்டும் தெளிவாக விழுந்து, ஓரமெல்லாம் சுழன்று கரைந்திருக்கிறது.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தாள். அப்போது கைப்பேசி அடித்தது. ரதோமிர்.

"கூமோ, உக்காந்திருக்கியா? உக்காந்துக்கோ. கெடைச்சிருச்சு."

"என்ன கெடைச்சிருச்சு கூமே?"

"எழுபத்தொன்பது. சுபோத்திட்சா ஊருல ஒருத்தன் வச்சிருக்கான். உன் நம்பருக்கும் அவன் நம்பருக்கும் நானூறுதான் வித்தியாசம். அண்ணன் தம்பி மாதிரின்னு வச்சுக்கோயேன். மொதல்ல தரவே மாட்டேன்னுட்டான். அப்புறம் என் யேனா லென்ஸுக்கு மாத்திக்கறேன்னான். சரின்னுட்டேன். சனிக்கிழமை காலைல போறேன்."

அந்த யேனா லென்ஸில்தான் ரதோமிர் தெசாங்காவின் கல்யாண விருந்தை எடுத்தார். ஞானஸ்நானங்கள், திருவிழாக்கள், அவர் மகள் முதன்முதல் நடந்தது எல்லாம் அதில்தான். அதைத் துடைக்கும் துணியை அவர் மனைவி தனியாகத் துவைக்க வேண்டும். அதைப் போய் ஒரு தப்புக்காகத் தூக்கிக் கொடுக்கப் போகிறார், அதுவும் இவள் செய்த தப்புக்காக.

"கூமே, நாளைக்கு மன்றத்துல பேசலாம். அதுவரைக்கும் அவனுக்கு ஒண்ணும் உறுதி சொல்லாதீங்க."

"ஏன், உனக்குப் பொறாமையா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

வீட்டில் அவள் கணவன் செடா குடைமிளகாய்க்குள் இறைச்சி அடைத்துக்கொண்டிருந்தான். முழுக்கதையையும் கேட்டான்.

"அப்ப நீ எடுத்த படம்?"

"தப்பா மாட்டின கண்ணாடில வந்த படம்."

"பெர்ஸா சிரிச்சதும் கண்ணாடியாலதானா?"

"நீ ஒருத்தன்தான் இதக் கேக்கற. நீ என் புருஷன், உன்னக் கணக்குல சேக்க முடியாது."

"பேசாம நீயே சொல்லிடேன், அவ ஏன் சிரிச்சான்னு."

"கேட்டாத்தானே சொல்றது. கேட்டாலும் அது நான் சொல்ற விஷயமில்ல, பெர்ஸாக்கா சொல்லணும்."

செடா இன்னொரு குடைமிளகாயை எடுத்து அடைத்தான். "சொன்னா மானம் போகும், சொல்லலைன்னா கூம் போவாரு. எதுன்னு நீயே பாத்துக்கோ," என்றான்.

அது அவளுக்கும் தெரிந்ததுதான்.

புதன்கிழமை எல்லாரும் வந்து சேர்ந்ததும் தெசாங்கா எழுந்து நின்றாள். மன்றத்தில் எழுந்து நின்று பேசும் வழக்கம் கிடையாது, ஆகவே எல்லாரும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள்.

"எழுபத்தொன்பதும் இல்ல, விண்வெளியும் இல்ல," என்றாள். "போன வருஷம் தொடைக்கறதுக்குப் பிரிச்சேன். பூட்டறப்ப முன்கண்ணாடியக் கவுத்துப் போட்டுட்டேன். அதனாலதான் சுத்துது. வேற ஒரு மாயமும் இல்ல."

ஒஸ்தோயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"நல்ல கதை. எங்க யாருக்கும் கெடைச்சிடக் கூடாது, அதானே?"

"எனக்கு எதுக்கு அது?"

"பின்ன ரதோமிருக்குக் கெடைச்ச மறுநாளே உனக்கு ஞானோதயம் வருது?"

இம்ரேவும் சேர்ந்துகொண்டார். "தினம் பல்லு செட்டு செய்யற கை, கண்ணாடிய மாத்திப் போடுமா? அப்ப ஊர்ல பாதிப் பேரு மேல் பல்லக் கீழ மாட்டிக்கிட்டுல்ல திரியணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். தெசாங்காவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ரதோமிர் மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கூமோ, உன்னோட படம் மட்டும்தான் தனியா நிக்கணும்னா என்கிட்ட நேரா சொல்லு. நான் போகல. இந்தக் கதையெல்லாம் வேண்டாம்."

தன் மானத்தைத் தானே எடுத்து மேசைமேல் வைத்த பிறகும் நம்ப மறுக்கிறார்களே என்று அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"கூமே, பாதிரியார் முன்னால என் பக்கத்துல நின்னீங்க. உங்ககிட்ட நான் பொய் சொல்வேனா?"

ரதோமிர் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து அதே ரக லென்ஸ் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இது எண்பத்துநாலு. இதுல விண்வெளியும் கெடையாது, ஒரு வெங்காயமும் கெடையாது. திற."

இன்னொருவர் தன் லென்ஸைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருப்பது என்பது எங்கள் மன்றத்தில் அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடுவது மாதிரி. ரதோமிர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். தெசாங்கா கைப்பையிலிருந்து மெழுகு செதுக்கும் ஊசியையும் சின்னத் திருப்புளியையும் எடுத்தாள். பெயர் எழுதிய வளையத்தைக் கழற்றினாள். உள்வளையத்தைத் திருகி எடுத்தாள். முகப்புக் கண்ணாடியைத் துணியால் பிடித்துத் தூக்கி, எல்லாருக்கும் காட்டி, கவிழ்த்து வைத்து, மறுபடி பூட்டினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒஸ்தோயா அதற்குள் இரண்டு கிளாஸ் ராக்கியா குடித்துவிட்டார்.

ரதோமிர் அதைக் கேமராவில் மாட்டினார். ஜன்னலுக்கு வெளியே பொஜோஷ் மரம் நின்றது, வெயில் இன்னும் இறங்கவில்லை. கேமராவின் பின்திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சுத்துது," என்றார்.

எல்லாரும் முண்டியடித்து எட்டிப் பார்த்தார்கள். சுற்றத்தான் செய்தது. ஒஸ்தோயா மூன்று மாதமாக வளர்த்த விண்வெளிக் கதை அந்த நிமிடமே செத்தது. ஆனாலும் அவருக்கு வாய் அடங்குமா?

"அப்ப நடுவருங்க பதக்கம் குடுத்தது தெசாங்காவுக்கு இல்ல," என்றார். "ஒரு திருப்புளிக்கு."

சிரிப்பில் அறை அதிர்ந்தது. கீழே தீயணைப்புக்காரர்கள் என்னவோ ஏதோ என்று மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரதோமிர் அப்போதே சுபோத்திட்சாக்காரனைக் கூப்பிட்டு, மாற்றிக்கொள்ளும் எண்ணம் இல்லை என்று சொன்னார். பிறகு வந்து தெசாங்காவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் மாறி மாறி மூன்று முத்தம் வைத்தார்.

"என் யேனாவக் காப்பாத்திட்ட. உன்ன மாதிரி ஒரு கூமா யாருக்கு வாய்க்கும்."

அவள் படத்தைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கையில் கவிழ்ந்த கண்ணாடி இருந்தது, கண்ணெல்லாம் அதிலேயே இருந்தது. வீட்டுக்கு நடந்துபோகும்போது தெசாங்காவுக்கு அழுகை வந்தது. உண்மையைச் சொன்னதற்கு அவள் வருத்தப்படவில்லை. ஆனால் நேற்றுவரை லென்ஸாவது படம் எடுத்தது. இன்றைக்குப் படம் தானாக, தடுக்கி விழுந்து வந்தது என்று ஆகிவிட்டது.

வியாழனும் வெள்ளியும் பல் மருத்துவமனையின் பின்வாசலில் கூட்டம். பல் வாங்க வந்தவர்களுக்கு நடுவே மன்றத்துக்காரர்கள் கைக்குட்டையும் லென்ஸுமாக வரிசையில் நின்றார்கள். "எனக்கும் கவுத்துக் குடும்மா," என்று இம்ரே கெஞ்சினார். மேல் பல், கீழ்ப் பல் என்று பேசிய அதே வாய். தெசாங்கா எட்டு லென்ஸ்களைக் கவிழ்த்துக் கொடுத்தாள். ஒன்பதாவதாகத் தன்னுடையதை எடுத்து, அதை மட்டும் நிமிர்த்திப் பூட்டினாள். அந்தச் சுழலைப் பார்த்தாலே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை காலை சந்தையில் பெர்ஸாவின் கடைக்கு எதிரே ஒன்பது கேமராக்கள் வந்து நின்றன. அதே மரம், அதே பெட்டி, அதே பத்து மணி வெயில். ஆளுக்கொரு பெர்ஸா எடுத்து அடுத்த கண்காட்சிக்கு அனுப்புவதாகத் திட்டம். தெசாங்காவை ரதோமிர் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தார். எந்த இடத்தில் நின்று எடுத்தாள் என்று காட்ட வேண்டுமாம். காட்டிவிட்டு அவள் பக்கத்து முலாம்பழக் கடையோரம் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

பெர்ஸா பெட்டிமேல் உட்கார்ந்தாள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டாள். உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"பெர்ஸாக்கா, கொஞ்சம் சிரிங்க," என்றார் இம்ரே.

"எதுக்கு?"

"படத்துக்கு."

"பாலாடைக்கட்டி வேணுமா? வேணாம்னா வழிய விடு, ஆளு வருது."

இம்ரே அரைக் கிலோ வாங்கினார். பெர்ஸா நிறுத்துக் கொடுத்தாள், மறுபடி வந்து உட்கார்ந்தாள், மறுபடி உதட்டை மூடிக்கொண்டாள். ஒஸ்தோயா ஒரு நகைச்சுவை சொன்னார். அதில் ஒரு மாமியாரும் ஒரு கரடியும் வந்தார்கள். பெர்ஸா முழுவதையும் கேட்டுவிட்டு, "கரடி பாவம்," என்றாள். ஒருவர் தொப்பியைத் திருப்பிப் போட்டு ஆடிக் காட்டினார். முலாம்பழக்காரன் சிரித்தான், சந்தையே சிரித்தது, பெர்ஸா மட்டும் அசையவில்லை. ஒன்பது கேமராவும் சளைக்காமல் கிளிக் கிளிக் என்று அடித்தன. ஒவ்வொரு திரையிலும் இலைகள் அருமையாகச் சுழன்றன, நடுவில் வரிபாக்கி வசூலிக்க வந்தவள் மாதிரி ஒரு முகம் இருந்தது.

பதினொரு மணிக்கு எல்லாருக்கும் அலுத்துவிட்டது. ரதோமிர் ஒரு முட்டைக்கோஸ் மூட்டைமேல் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கண்காட்சி அஞ்சலட்டையை எடுத்தார். அதில் இலை எப்படி விழுந்திருக்கிறது, தன் படத்தில் எப்படி விழுந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் எடுத்தார். இலை இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருந்தது. அங்கே வேறு பார்க்க ஒன்றுமில்லாததால் அவர் கண் மெல்ல நடுவுக்கு வந்தது. மே மாதத்திலிருந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த படத்தை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"கூமோ," என்று கூப்பிட்டார். "இங்க வா. இவ மடியில இந்தச் சோளக்கதிர் எதுக்கு?"

தெசாங்கா முலாம்பழக் கடையோரத்திலிருந்து விறுவிறுவென்று வந்தாள்.

"அத பெர்ஸாக்காதான் சொல்லணும் கூமே."

ரதோமிர் அஞ்சலட்டையைப் பெர்ஸாவிடம் நீட்டினார். பெர்ஸா வாங்கிப் பார்த்தாள். அவள் கண் எதிர்ச்சாரியில் மக்காச்சோளம் அவித்து விற்கும் தோஷாவின் அண்டா பக்கம் போனது. தோஷா சட்டென்று அண்டாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

"பாரு ஒளியறதை," என்றாள் பெர்ஸா. கட்டியிருந்த கையை எடுத்தாள். "நாலு வருஷம் எனக்கு முன்பல்லே கெடையாது. மொத்தமா போச்சு. அதனாலதான் வாயத் தொறக்கறதே இல்ல. யாருக்கும் தெரியாது, இவனுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. தினம் காலைல ஒரு கதிர எடுத்துக்கிட்டு என் முன்னால வந்து நிப்பான். 'பெர்ஸா, சூடா இருக்கு, ஒரு கடி கடிக்கிறியா?'ம்பான். தினம். நாலு வருஷம்."

"நான் மரியாதைக்குத்தான் கேட்டேன்," என்றது அண்டாவின் பின்னாலிருந்து ஒரு குரல்.

"உன் மரியாதையக் கொண்டுபோய் அண்டால போடு. போன வருஷம் இந்தப் பொண்ணு எனக்குப் பல்லு செஞ்சா." பெர்ஸா தெசாங்காவைக் காட்டினாள். "மாட்டின அரை மணி நேரத்துல நேரா இங்க வந்தேன், இவளும் கேமராவோட கூடவே வந்தா. வழக்கம்போல வந்து நின்னான். 'குடுடா'ன்னேன். வாங்கி, அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே, கடைசி மணி வரைக்கும் கடிச்சுத் தின்னேன். தின்னு முடிச்சு, 'இன்னொண்ணு இருக்கா'ன்னேன். அவன் வாயி இருந்த இருப்பு இருக்கே..."

அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. தோஷாவின் வாய் அன்றைக்கு இருந்த இருப்பு மறுபடி கண்முன் வந்துவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்தாள், வாய் கொள்ளாமல் சிரித்தாள். அஞ்சலட்டையில் இருந்த அதே சிரிப்பு, ஒரு வருஷம் கழித்துச் சத்தத்தோடு வந்தது. ஒஸ்தோயா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இம்ரேவின் பாலாடைக்கட்டிப் பொட்டலம் கீழே விழுந்தது. கவிழ்த்த கண்ணாடி மாட்டிய ஒன்பது கேமராவும் ஒன்பது தொந்தியின்மேல் சும்மா தொங்கிக் குலுங்கின. எடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கிளிக் என்று ஒரே ஒரு சத்தம் கேட்டது. தெசாங்கா எடுத்தாள்.

எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். நிமிர்த்திப் பூட்டிய லென்ஸ், ஆகவே ஒன்றும் சுழலவில்லை. மரம் மரமாக நின்றது, சந்தை சந்தையாக இருந்தது, நடுவில் பெர்ஸா சிரித்தாள். ரதோமிர் மூட்டையிலிருந்து எழுந்து வந்து கையை நீட்டினார். அவள் கேமராவைக் கொடுத்தாள். அவர் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார்.

எந்த லென்ஸ் என்று கேட்கப் போகிறார் என்று தெசாங்கா காத்திருந்தாள். பதிலையும் தயாராக வைத்திருந்தாள்.

"மேல் வரிசைல இந்த ரெண்டாவது பல்லு," என்றார் ரதோமிர். "கொஞ்சம் சாஞ்சாப்பல இருக்கே. தப்பா வந்துருச்சா, வேணும்னே வச்சியா?"

"வேணும்னேதான் கூமே." அவள் திரையில் அந்தப் பல்லைத் தொட்டுக் காட்டினாள். "அவங்க பழைய பல்லு அப்படித்தான் இருந்துச்சு. கல்யாணப் படம் ஒண்ணு கொண்டுவந்து குடுத்தாங்க. அதப் பாத்து மூணு வாரம் செஞ்சேன். நேரா வச்சிருந்தா அழகாத்தான் இருந்திருக்கும். ஆனா அது பெர்ஸாக்கா சிரிப்பா இருந்திருக்காது."

ரதோமிர் தலையாட்டினார். திரையை மறுபடி பார்த்தார். பக்கத்தில் ஒஸ்தோயா கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தார்.

"ஏ, இது ஒண்ணுமே சுத்தலையே. இது எந்த லென்ஸு?"

"வாய மூடிக்கிட்டு படத்தப் பாருய்யா," என்றார் ரதோமிர்.

ஒஸ்தோயா வாயை மூடிக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். எதிரே தோஷா அண்டாவிலிருந்து சூடாக ஒரு கதிரை எடுத்து, உப்புத் தடவி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெர்ஸாவை நோக்கி நடந்து வந்தான். தெசாங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவைத் திருப்பி வாங்கினாள்.